சைக்கிளுக்கு ஹெல்மெட் போடுவதா, விடுவதா: யாழ்ப்பாண வீதிகளுக்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் சந்தியைத் தாண்டினால் பொலிஸ் மறிக்கும். சைக்கிளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே முடிவெடுக்கும் பொறுப்பு ஓடுகிறவரின் தலையிலேயே விழுகிறது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துச் சைக்கிளுக்குத் திரும்பியவர்கள், முதன்முறை தனியே ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து மச்சானின் சைக்கிளில் கசூரினா கடற்கரை வரை போய்வர ஆசைப்படுபவர்கள் என்று பலரும் இதைக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்க ஒரு ஒழுங்கு உண்டு.

1. தலை விழும் உயரம்

"நான் மெதுவாத்தானே போறன், எனக்கு ஏன் ஹெல்மெட்?" என்பதுதான் அதிகம் கேட்கும் நியாயம். அது பாதி உண்மை. சைக்கிளில் இருக்கும் பெரியவரின் தலை நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் சரிந்து, கை ஊன்ற முடியாமல் விழுந்தால் தலை தரையில் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர் அளவு. அந்த வேகத்தைக் கொடுப்பது உயரம். நீங்கள் உழக்கிய வேகம், எதிரே மதிலோ வாகனமோ இல்லாவிட்டால், பெரும்பாலும் முழங்கையையும் தோளையும் தாரில் தேய்ப்பதில் கழிந்துவிடும். நின்ற இடத்தில் சரிந்தாலும் தலைக்கு வரக்கூடிய அடி கிட்டத்தட்ட அதே அடிதான்.

மெதுவாகப் போவதன் நன்மை விழுவதற்கு முன்னால் இருக்கிறது: பிறேக் பிடிக்க நேரம் கிடைக்கும், காலை ஊன்ற நேரம் கிடைக்கும், நாய் குறுக்கே வந்தால் வெட்டி விலக இடம் கிடைக்கும். சமநிலை போன பிறகு அந்த நன்மை முடிந்துவிடும்.

ஹெல்மெட் செய்யப்படுவது இந்த ஒன்றரை மீற்றர் வீழ்ச்சிக்காகத்தான். ஐரோப்பிய நியமமான ஈ.என். 1078 சோதனையில், உலோகத் தலை உருவத்துக்கு ஹெல்மெட்டை மாட்டி, செக்கனுக்கு 5.42 மீற்றர் வேகத்தில் தட்டையான இரும்புப் பரப்பில் மோதவிடுவார்கள். அது மணிக்கு 19.5 கிலோமீற்றர். நடைபாதை விளிம்பு வடிவத்தில் உள்ள இரும்பில் 4.57 மீற்றர் வேகத்தில் இன்னொரு மோதல். இரண்டிலும் தலைக்குள் பதியும் அதிர்ச்சி ஈர்ப்புவிசையின் 250 மடங்கைத் தாண்டக் கூடாது.

வேலையைச் செய்வது வெளியே மினுங்கும் ஓடு அல்ல, உள்ளே இருக்கும் இறுக்கமான ரெஜிபோம், அதாவது சாமான் பெட்டிக்குள் வைத்து வரும் வெள்ளை நுரை போன்றது. அது இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பு இருக்கும். அடி பட்டதும் அது நசுங்குகிறது. நசுங்கும் அந்தத் தூரத்துக்குள் தலை படிப்படியாக நிற்கிறது. 15 மில்லிமீற்றர் நசுங்கினால் ஒன்றரை மீற்றர் வீழ்ச்சியின் சராசரி அதிர்ச்சி ஈர்ப்பின் 100 மடங்கு. வெறுந்தலையில் நசுங்குவதற்குத் தோலும் முடியும் சில மில்லிமீற்றர்தான். அதிர்ச்சி அதற்கேற்ப ஏறும். நசுங்கிய ரெஜிபோம் பழைய நிலைக்கு வராது என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெல்மெட், ஒரு அடி.

இதே கணக்கு அதன் எல்லையையும் சொல்கிறது. பின்னாலிருந்து 70 இல் வரும் லொறி தூக்கி எறிந்தால் அது சோதனை பார்த்த வேகமே அல்ல. நெஞ்சு, இடுப்பு, கழுத்து எதையும் ஹெல்மெட் காக்காது. ஒலிவியர், கிரைட்டன் என்ற இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, காயப்பட்ட 64,000 க்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. ஹெல்மெட் போட்டவர்களிடம் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 வீதம் குறைவு, முகக் காயம் 33 வீதம் குறைவு. முகத்துக்கு வந்த எண் சிறிதாக இருப்பதில் ஆச்சரியமில்லை. நாடியும் பல்லும் ஹெல்மெட்டுக்கு வெளியேதான் இருக்கின்றன.

மறுபக்க வாதமும் உண்டு. இயன் வோக்கர் என்ற ஆய்வாளர் 2007 இல் இங்கிலாந்தில் தன் சைக்கிளில் அளவுக்கருவி பூட்டி ஓடிப் பார்த்தபோது, ஹெல்மெட் போட்ட நேரங்களில் வாகனங்கள் சராசரி 8.5 சென்ரிமீற்றர் நெருக்கமாக முந்தின என்று கண்டார். பின்னர் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. நெதர்லாந்தில் பெரும்பாலானோர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓடுகிறார்கள் என்று காட்டுபவர்கள், அங்கே சைக்கிளுக்கென்று நாடு முழுக்கத் தனிப்பாதை இருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மினிபஸ்ஸும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் நீங்களும் ஒரே தாரில் போகும் ஊருக்கு அந்த உதாரணம் அப்படியே பொருந்தாது.

2. உங்கள் பாதையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் வாரத்தில் போகும் இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விசயம்: எந்த வீதி, எந்த நேரம், விழுந்தால் தலை எதில் படும். மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

வீட்டு ஒழுங்கையால் பக்கத்துக் கடைக்கு, பகலில், மணல் தரையில் போவது ஒரு ஓரம். அதற்கு ஹெல்மெட் இல்லாமல் போனால் நாங்கள் சண்டைக்கு வரமாட்டோம். ஆனாலும் ஒழுங்கையின் இரு கரையும் சீமெந்து மதில் என்றால், கேற்றுக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் திடீரென்று வெளியே வரும் வளைவு இருந்தால், அதை மணல் ஒழுங்கை என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

கே.கே.எஸ். வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி என்று போகிறவர்களுக்கு எங்கள் பதில் நேரானது: போடுங்கள். அங்கே விழுத்துவது பெரும்பாலும் சின்ன விசயங்கள். மினிபஸ் உங்களை முந்திய கையோடு ஆள் ஏற்ற இடப்பக்கம் வெட்டி நிற்கும். நிறுத்திய ஓட்டோவிலிருந்து பின்னால் பார்க்காமல் ஆள் இறங்குவார். தார் ஓரம் கிரவலை விட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கும்; இறங்கிய சில்லை அதே சாய்வில் மீண்டும் ஏற்றப் பார்த்தால் ரயர் விளிம்பில் உரசி, வண்டி வீதிப் பக்கமே விழும். இறங்கிவிட்டால் ஏற அவசரப்படாதீர்கள். வேகத்தைக் குறைத்து, நின்று, தூக்கி ஏற்றுங்கள்.

புகையிரதக் கடவையும் இதே வகை. காங்கேசன்துறை வரை 2015 இலிருந்து ரயில் மறுபடி ஓடுகிறது. கடவை வீதியைச் சரிவாக வெட்டும் இடத்தில் நேரே போனால் முன் சில்லு தண்டவாள இடுக்கில் சிக்கும், மழையில் வழுக்கும். தண்டவாளத்தை நேர்க்குத்தாக வெட்டும்படி முன்னரே திரும்பி, பின்னால் வாகனம் பார்த்து, கடவுங்கள்.

பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தீவுப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்றான சோளகம் வெட்டவெளியில் தள்ளும். காற்று வலப்பக்கத்தால் அடிக்கும்போது நீங்கள் அறியாமலே உடம்பை வலப்பக்கம் சாய்த்து ஈடுகொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அந்நேரம் பஸ் முந்தினால் இரண்டு மூன்று செக்கன் காற்று மறைபடும். சாய்ந்திருந்த உடம்பு பஸ் பக்கம் போகும். பஸ் கடந்ததும் காற்று மறுபடி அடித்துக் கடற்கரைக் கல்லுப் பக்கம் தள்ளும். பஸ் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் ஹாண்டிலைப் பிடித்து, உழக்குவதைக் குறைத்து, ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் உள்ளே நில்லுங்கள். இந்தப் பாதையில் ஹெல்மெட் இல்லாமல் போவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இரவு எந்த வீதியும் ஒரு படி மேலே ஏறும். எதிர் வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் அந்த நேரத்தில்தான் கட்டாக்காலி மாடு தாரின் சூட்டுக்கு நடுவீதியில் படுத்திருக்கும்.

3. சிலருக்கு இந்தக் கணக்கே வேண்டாம்

பாதை எதுவானாலும் போட வேண்டியவர்கள்: ஓடப் பழகும் எவரும், பாடசாலைப் பிள்ளைகள், அறுபது தாண்டியவர்கள், முன்பு தலையில் பலமாக அடிபட்டவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களுக்குச் சின்ன அடியிலும் மண்டைக்குள் இரத்தம் கசியலாம். மோட்டர் பூட்டிய சைக்கிளில் போகிறவர்களும் இந்தப் பட்டியலில்தான்.

பாரில் அல்லது கரியரில் பிள்ளையை ஏற்றுகிறவர்கள் பிள்ளைக்கும் போட வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே வேண்டாம். அந்தக் கழுத்து ஹெல்மெட்டின் பாரத்தையும் தாங்காது, குலுக்கத்தையும் தாங்காது. கரியரில் இருக்கும் பிள்ளையின் குதிக்கால் பின் சில்லுக் கம்பிக்குள் போகாமல் மறைப்புப் பூட்டுங்கள்.

4. காசு முதலில் எங்கே போக வேண்டும்

கையில் இருப்பது கொஞ்சக் காசு என்றால் ஹெல்மெட்டுக்கு முன் பிறேக் கட்டையும் பின் வெளிச்சமும். ஹெல்மெட் விழுந்த பிறகு வேலை செய்கிறது, இவை விழாமல் இருக்க வேலை செய்கின்றன. பழைய லுமாலா போன்ற வண்டிகளின் இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் பாதிகூடப் பிடிக்காது. மாரியில் இருமடங்கு தூரத்துக்கு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள். முதல் சுற்று தண்ணீரைத் துடைக்கவே போகும். டைனமோ லைற் நீங்கள் நின்றதும் அணைந்துவிடும். ஆகவே சந்தியில் நிற்கும்போதும் எரியும் பற்றறிச் சிவப்பு வெளிச்சம் ஒன்று பின்னால் வேண்டும். ஹாண்டிலில் தொங்கும் சந்தைப் பை முன் சில்லுக்குள் போனால் ஆள் தலைகீழாக முன்னால் போவார். பையைக் கரியரில் கட்டுங்கள். சேலைத் தலைப்பு, சுடிதார் சோல் இரண்டையும் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓடுவதைப் பற்றி நாங்கள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது.

5. எதை வாங்குவது, எதை ஏற்பது

வீட்டில் கிடக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். தலையைக் காக்கும், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் பாரம், காற்றோட்டம் இல்லை, பின்னால் வரும் வாகனத்தின் சத்தம் மங்கும். உழக்கி வியர்க்கும் ஆளால் மத்தியானத்தில் பத்து நிமிடம் தாங்க முடியாது. சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 400 கிராம்வரை. கட்டட வேலைத் தொப்பி மேலிருந்து விழும் கல்லுக்குச் செய்தது. பக்கவாட்டு அடிக்கு அதை நம்ப வேண்டாம். கிரிக்கெட் ஹெல்மெட் பந்துக்குச் செய்தது.

கடையில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஐரோப்பாவுக்கு ஈ.என். 1078, அமெரிக்காவுக்கு சீ.பி.எஸ்.சி., அவுஸ்திரேலியாவுக்கு ஏ.எஸ். என்.இசெட்.எஸ். 2063, கனடாவுக்கு சீ.எஸ்.ஏ. டீ113.2 என்ற குறிகளில் ஒன்றும் செய்த ஆண்டும் மாதமும் இருக்க வேண்டும். உள்ளே ரெஜிபோமே இல்லாமல் மெல்லிய பஞ்சு மட்டும் ஒட்டியிருந்தால் அது விளையாட்டுச் சாமான். விலை கூடினால் பாதுகாப்பு அதே அளவில் கூடும் என்று நினைக்காதீர்கள். கூடுதல் காசு பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கவும் காற்றோட்டத்துக்கும் போகிறது, எங்கள் வெயிலுக்கு அதுவும் வீண் செலவில்லை.

யாழ்ப்பாணத்தில் பல ஹெல்மெட்டுகள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பார்சலில் வருகின்றன. பாவித்ததை அனுப்பினால் முதற் கேள்வி: "இதோட ஆரும் விழுந்தவையோ?" பதில் தெளிவில்லை என்றால் தலையில் போட வேண்டாம். தெரிந்த ஆளிடமிருந்து வந்தாலும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றி, ரெஜிபோமை வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு, ஓரிடத்தில் மட்டும் மினுங்கும் அமுங்கல், ஓடு ரெஜிபோமிலிருந்து பிரிந்த இடம், கிளிப் பூட்டும்போது 'கிளிக்' சத்தம் வராமை என்று எது இருந்தாலும் கழித்துவிடுங்கள். எத்தனை வருடம் பாவிக்கலாம் என்பதற்கு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு சொல்வது 5 முதல் 10 ஆண்டு. தினமும் வெயிலில் ஓடுகிறவர்கள் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளின் சில ஹெல்மெட்டில் பச்சைக் கிளிப் இருக்கும். அது ஈ.என். 1080 வகை, ஹெல்மெட் எங்காவது கொழுவி இழுபட்டால் தானாகக் கழன்றுவிடும். எந்த வகையானாலும் சைக்கிளை விட்டு இறங்கியதும் பிள்ளையின் ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். அதைப் போட்டபடி மாமரத்தில் ஏறினால் கிளையில் கொழுவி நாடிப்பட்டி கழுத்தை இறுக்கும்.

6. அளவு எடுத்தல், பூட்டுதல்

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். வீதியில் காணும் பல ஹெல்மெட்டுகள் பிடரியில் தொங்குகின்றன, நெற்றி முழுக்க வெளியே. முன்னால் விழும்போது முதலில் படுவது நெற்றி.

தையல் நாடாவை எடுத்துப் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம்விட்டு, பின்னால் மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தால் சுற்றி அளவுங்கள். நாடா இல்லாவிட்டால் நூலால் சுற்றி அடிமட்டத்தில் வையுங்கள். 51 முதல் 55 சென்ரிமீற்றர் சிறியது, 55 முதல் 59 நடுத்தரம், 59 முதல் 63 பெரியது என்பது பொதுவான வகுப்பு. கம்பனிக்குக் கம்பனி ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மாறும் என்பதால் பெட்டியில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை வளரும் என்று பெரியதாக வாங்குவது சப்பாத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது.

தலையில் மட்டமாக வையுங்கள். முன் விளிம்பு புருவத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில், மேலே பார்த்தால் விளிம்பு கண்ணில் படும்படி. பின்பக்கத் திருகை இறுக்குங்கள். இப்போது நாடிப்பட்டியைப் பூட்டாமல் குனிந்து தலையை ஆட்டுங்கள். விழுந்தால் இன்னும் இறுக்க வேண்டும், அல்லது அளவு பிழை. நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தி, இரு பக்கமும் விரல் போகும் இடைவெளி இருந்தால் உங்கள் தலை நீளவாக்கு, அந்த ஹெல்மெட் வட்டம். திருகால் அது சரிவராது, வேறு கம்பனியுடையதைப் பாருங்கள்.

அடுத்து பக்கப்பட்டிகள். முன் பட்டியும் பின் பட்டியும் காதுச் சோணைக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். காதுக்கு மேலே பட்டி ஏறக் கூடாது. பிறகு நாடிப்பட்டியைப் பூட்டி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுங்கள். அப்போது ஹெல்மெட் உச்சந்தலையைக் கீழே இழுப்பது தெரிந்தால் இறுக்கம் சரி. கடைசியாக முன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து மேலே தள்ளுங்கள். ஹெல்மெட் பின்னால் போய் நெற்றி வெளியே தெரிந்தால் முன் பட்டியைக் குறுக்குங்கள். பின்னாலிருந்து தள்ளும்போது கண்ணை மறைத்தால் பின் பட்டியைக் குறுக்குங்கள். ஓரிரு கிழமையில் பட்டி தளரும், மறுபடி பாருங்கள்.

7. வெயில், வியர்வை, தலைமுடி

வெயில் உண்மையான தடை. ஓடும்போது துளைகளால் காற்று உள்ளே போவதால் நினைத்த அளவுக்குச் சுடாது. சந்தியில் நிற்கும்போதுதான் வியர்வை கண்ணுக்குள் இறங்கும். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் கட்டி, அதன்மேல் ஹெல்மெட்டை வையுங்கள். முடிச்சு பின்னால், விளிம்புக்குக் கீழே வரட்டும். உச்சியில் பொத்தான் உள்ள தொப்பியை ஹெல்மெட்டுக்கு அடியில் போடாதீர்கள், அடிபட்டால் அந்தப் பொத்தான்தான் முதலில் மண்டையில் அழுந்தும்.

இரட்டைப் பின்னலுக்குப் பிரச்சினை இல்லை. உச்சிக் கொண்டை போட்டால் ஹெல்மெட் மட்டமாக இருக்காது, கொண்டையைக் கழுத்தளவுக்கு இறக்குங்கள். முக்காடு இடுகிறவர்கள் மெல்லிய துணியாக, ஊசி எதுவும் ஹெல்மெட்டுக்கு அடியில் வராதபடி கட்டுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்தால் பஞ்சுப் பட்டை சீக்கிரம் மணக்கும். கிழமைக்கு ஒருமுறை கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஹெல்மெட்டின் வெளி ஓட்டைத் துடைக்க பெற்றோல், தின்னர் பாவிக்க வேண்டாம், அவை ஓட்டையும் ரெஜிபோமையும் கரைக்கும். நுளம்புக்குப் பூசும் சில மருந்தும் ஓட்டின் பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். பூட்டிய காருக்குள் நடுவெயிலில் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

8. விழுந்துவிட்டால்

ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலை அடிபட்டவரை உடனே எழுப்பி நடக்கவிடாதீர்கள். கழுத்து நோகிறதா, கை கால் விரல் அசைகிறதா என்று முதலில் கேளுங்கள். மயங்கினால், இரண்டாம் முறை சத்தி எடுத்தால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், வலிப்பு வந்தால், காதாலோ மூக்காலோ இரத்தமோ தெளிந்த நீரோ வந்தால், கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் 1990 இற்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர் என்றால் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் சில மணி நேரம் கழித்து மயங்குவதும் உண்டு. மண்டையோட்டுக்குள் மெல்லச் சேரும் இரத்தம் அப்படித்தான் செய்யும். ஆகவே முதல் 24 மணி நேரம் ஆளைத் தனியே விடாதீர்கள். தலையிடி கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். நோவுக்குப் பனடோல் கொடுக்கலாம், அஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

அடிபட்ட ஹெல்மெட் வெளியே முழுதாகத் தெரிந்தாலும் அதன் வேலை முடிந்தது. அடிபட்ட இடத்தை வைத்தியரிடம் காட்ட உதவும் என்பதால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே கொண்டுபோங்கள். பிறகு எறியும்போது நாடிப்பட்டியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பட்டி இருந்தால் குப்பையிலிருந்து யாராவது எடுத்துத் தம் பிள்ளைக்கு மாட்டுவார்கள்.